பரணில் ஓலைச்சுவடி கிடைத்தால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

தாத்தா வீட்டைப் பிரித்துக் கட்டுவதென்று முடிவானபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஐந்து சுவடிக்கட்டுகள். தாத்தாவின் அப்பா நாட்டு வைத்தியர் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் ஏடுகள் வைத்திருந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆர்வத்தில் அன்று நான் செய்ததெல்லாம் தவறு. ஈரத்துணியால் துடைத்தேன். முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காயவைத்தேன். எத்தனை ஓலை என்று எண்ணிப் பார்க்கக் கயிற்றை அவிழ்த்தேன். காற்று ஒன்று அடித்தது, இரண்டு கட்டுகள் கலந்துபோயின. அவற்றைத் திரும்ப வரிசைப்படுத்த எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நான்கு ஓலைகள் எந்தக் கட்டைச் சேர்ந்தவை என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் கயிற்றை அவிழ்க்காதீர்கள்

கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து, நிழலான, காற்றோட்டமான அறையில் சுத்தமான பருத்தித்துணி மேல் வையுங்கள். பெட்டி, கட்டு, கயிறு, சுற்றியிருந்த துணி எல்லாவற்றையும் படம் எடுங்கள். எந்த அறையில், எந்தப் பெட்டியில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டியில் பழைய பத்திரம், ஜாதகம், கணக்குத் துண்டு ஏதாவது கிடந்தால் அதையும் தூக்கிப்போடாமல் கூடவே வையுங்கள். எங்கள் சுவடியின் காலத்தைக் கணிக்க உதவியது அப்படிக் கிடந்த ஒரு நிலப்பத்திரம்தான்.

செய்யவே கூடாதவை: தண்ணீர், வெயில், ரப்பர் பேண்ட், செலோடேப், பிளாஸ்டிக் பை, லேமினேஷன். வெயில் பட்டால் ஓலை முறுகி ஒடியும். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பேண்ட் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும், ஓலையின் ஓரத்தையும் அறுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரஸ்வதி பூசையன்று ஏட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. பக்தியோடு செய்வதுதான். ஆனால் ஈரச் சந்தனம் எழுத்தின் கீறலுக்குள் இறங்கி இறுகிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். பொட்டை மேல்துணிக்கு வையுங்கள், ஓலைக்கு வேண்டாம்.

2. கட்டின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நூலகத்தில் பேசும்போது இந்தச் சொற்கள் கைகொடுக்கும். மேலும் கீழும் இருக்கும் மரப்பலகைகள் சட்டம் அல்லது கட்டை. ஓலையில் துளைகள் இருக்கும். ஒரு துளையில் கோத்திருக்கும் உலோகக் கம்பி நாராசம். கயிற்றின் முனையில், துளைவழியே கயிறு உருவி வராதபடி, பனையோலையைக் கிளியின் அலகுபோல நறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயரே கிளிமூக்கு. கிளிமூக்கு அப்படியே இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஓலை எண்ணை இடப்பக்க ஓரத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஓலையின் முன்பக்கத்தில் மட்டும்தான் எண் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் இருக்காது. எண்கள் தமிழ் எண்கள்: ௧ ஒன்று, ௨ இரண்டு, ௭ ஏழு, ௮ எட்டு, ௰ பத்து, ௱ நூறு. இருபத்து மூன்றை ௨௰௩ என்று எழுதியிருப்பார்கள். இது தெரியாமல் நான் ௧ஐக் ‘க’ என்றும் ௨ஐ ‘உ’ என்றும் படித்துக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

3. தூசி, பூச்சி

கட்டில் பொடிப்பொடியாக மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். அந்தக் கட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் பூஞ்சை. முகக்கவசம் இல்லாமல் ஊதவோ தட்டவோ கூடாது.

தூசி துடைக்க மென்மையான தூரிகை போதும், ஓவியக் கடையில் கிடைக்கும் அகலமான தட்டைத் தூரிகை. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். துளையைச் சுற்றி அழுத்தாதீர்கள், ஓலை முதலில் விரிசல் விடுவது அங்கேதான். கையுறையைவிட நன்றாகக் கழுவி உலர்த்திய கையே நல்லது என்பது என் அனுபவம். கையுறை போட்டால் ஒடிந்த முனை மாட்டிக்கொள்வதே தெரிவதில்லை.

ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் கத்தியோ ஸ்கேலோ விட்டுப் பிரிக்காதீர்கள். அப்படியே சுவடிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம். அதன் நெடி உடம்புக்குக் கெடுதல், அறை முழுக்கப் பரவும். பழைய முறையே போதும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை ஒன்றிரண்டாகப் பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணிப்பையில் கட்டி, ஓலையில் படாமல் பெட்டியின் மூலையில் வையுங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கலவை இது. வாசம் போனதும் மாற்றிவிட வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

4. படம் எடுங்கள் (மற்ற எதற்கும் முன்னால்)

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எண்ணெய் பூசுவது, படிப்பது, நூலகத்துக்குக் கொடுப்பது எல்லாம் பிறகு. ஓலைக்கு நாளை என்ன நேர்ந்தாலும் படம் இருந்தால் எழுத்து இருக்கும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. படியெடுக்காதவை போனது போனதுதான்.

பெரிய கேமரா தேவையில்லை. நல்ல செல்போனும் அதை மேலிருந்து நேர்க்கோணத்தில் பிடித்துக்கொள்ளும் தாங்கியும் போதும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிய ஒரு அங்குலத்துக்குக் குறைந்தது 300 புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தின் அகலம் சுமார் 4,000 புள்ளி. உங்கள் ஓலை 40 செ.மீ. நீளம் என்றால் ஏறக்குறைய 16 அங்குலம். வகுத்துப் பார்த்தால் 250தான் வருகிறது. அதனால் நீளமான ஓலையை இடம், வலம் என்று இரண்டு படமாக எடுங்கள். நடுவில் நான்கைந்து எழுத்தாவது இரண்டு படத்திலும் வர வேண்டும்.

பின்னணிக்கு மங்கலான கறுப்புத் துணி. பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஃபிளாஷ் வேண்டாம். ஓலை பளபளக்கும், எழுத்து மறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

இந்தச் சாய்வு வெளிச்சத்தின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எழுதாத ஓலை என்று பதினொரு ஓலைகளை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். சுவடித் துறையில் வேலை செய்யும் ஒருவர் அதில் ஒன்றை எடுத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தார். வெறும் பழுப்பாக இருந்த ஓலையில் ஆறு வரி, சின்னச் சின்ன நிழலாக எழுந்து நின்றது. முதல் வரியில் ‘சுக்கு’ என்று இருந்தது எனக்கே தெரிந்தது. ஓலையில் எழுதுவது என்றால் எழுத்தாணியால் கீறுவது. கறுப்பாகத் தெரிவது பிறகு பூசிய மை. மை போனாலும் கீறல் இருக்கும். ஆகவே வெற்றோலை என்று எதையும் ஒதுக்காதீர்கள். எல்லாவற்றையும் இருபுறமும் படம் எடுங்கள்.

கோப்புப் பெயரை அன்றன்றைக்கே போட்டுவிடுங்கள். கட்டு எண், ஓலை எண், முன் அல்லது பின், இடம் அல்லது வலம். ‘கட்டு2_ஓலை047_பின்_இடம்’ என்பதுபோல. ஓலையில் எண் இல்லையென்றால் கட்டில் இருக்கும் வரிசையையே எண்ணாகக் கொள்ளுங்கள். ஒரு கட்டின் படம் முடிந்து, ஓலைகளைக் கோத்துக் கட்டிய பிறகுதான் அடுத்த கட்டைத் தொட வேண்டும்.

காலக்கணக்கு: என்னுடைய பெரிய கட்டில் 212 ஓலை, அதாவது 424 பக்கம். ஒருவர் ஓலையைத் திருப்ப, இன்னொருவர் படம் எடுக்க, மணிக்கு 30 ஓலை ஆயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். தனியாகச் செய்தால் இரண்டு மடங்கு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை மூன்று இடத்தில் வையுங்கள்: உங்கள் கணினி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீடு அல்லது இணையச் சேமிப்பு. முடிந்தால் ‘டிஃப்’ வடிவத்தில் ஒரு மூலப்படி, பார்ப்பதற்கு ‘ஜேபெக்’. வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

5. எண்ணெயும் மையும்

காய்ந்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் மிக மெல்லிசாகத் தடவினால் வளையும் தன்மை ஓரளவு திரும்பும், பூச்சியும் அண்டாது. பஞ்சில் தொட்டுப் பிழிந்துவிட்டு, எழுத்தின் போக்கிலேயே ஒரு தடவை. நனையக் கூடாது. ஓலை மிக மெலிந்திருந்தாலோ, கீறாமல் மேலாக மையாலோ வண்ணத்தாலோ எழுதியிருந்தாலோ தொடவே தொடாதீர்கள். காகிதச் சுவடிக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. முதலில் எழுத்தில்லாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

மை பூசுவது வேறு விஷயம். விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றிலோ எண்ணெயிலோ குழைத்துப் பூசித் துடைத்தால் கீறலில் கரி தங்கி எழுத்து பளிச்சென்று தெரியும். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் விரிசலிலும் பூச்சித் துளையிலும் கரி இறங்கிவிட்டால் அது எழுத்தா ஓட்டையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

6. என்ன நூல் என்று அறிவது

முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் பாருங்கள். தொடக்கத்தில் ‘குரு வாழ்க, குருவே துணை’ போன்ற வாழ்த்தும், சில சமயம் நூலின் பெயரும் இருக்கும். முடிவில் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, மாதம், நாள் இருக்கலாம். ஆண்டு பெரும்பாலும் அறுபதாண்டுச் சுற்றின் பெயரில் இருக்கும். ‘விரோதி வருஷம்’ என்றால் அது எந்த விரோதி என்று அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். கூடவே கிடைத்த தாள்கள் இங்கேதான் உதவும்.

பழைய எழுத்தைப் படிக்கப் பழகலாம். நான்கு விஷயம் மனத்தில் இருந்தால் பாதித் தடை நீங்கும். மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொல்’லா ‘கோல்’லா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாகப் போகும். இவற்றோடு சில குறிகள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. நான் தினம் அரை மணி வீதம் உட்கார்ந்து ஆறு வாரத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கினேன். தெரிந்த பாடல் ஒன்று சுவடியில் கிடைத்தால் அதை வைத்துப் பழகுங்கள்.

வைத்தியச் சுவடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படித்ததும் மருந்து செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். கால் என்ற அளவுக்குக் குறி ‘வ’ எழுத்துப் போலவே இருக்கும், ஒன்றுக்குக் ‘க’. பாதரசமும் சேங்கொட்டையும் வருகிற பாடத்தில் ஒரு அளவு மாறினால் விளைவு விபரீதம். சித்த மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள், ஆவணமாக மட்டும் படியுங்கள்.

நூல் பெயர் தெரிந்தால் அது அச்சாகியிருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் தேடுங்கள். அச்சாகியிருந்தாலும் உங்கள் சுவடி வீணல்ல. பாடபேதம் (சொல் வேறுபாடு) இருக்கலாம், அச்சுப் பதிப்பில் விட்டுப்போன பாடல் இருக்கலாம்.

7. யாரிடம் போவது

எல்லா இடத்திலும் எல்லாம் நடக்காது. உங்கள் சுவடி எந்த வகையோ அதற்கேற்ற இடத்தைப் பாருங்கள்.

சென்னையில் ஆசியவியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. வைத்தியச் சுவடிக்கு நான் முதலில் நாடுவது அதைத்தான். இலக்கியம், இலக்கணம், புராணம் என்றால் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம். வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் சைவ ஆகமம், பூசைமுறை என்றால் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் அதே பதிவேட்டில் சேர்ந்தன. தஞ்சைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும், வடமொழி, மராத்தி, தெலுங்குச் சுவடிகள் நிறைந்த சரஸ்வதி மகாலும் அருகில்.

நேரில் போவதற்கு முன் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கட்டுகள் எத்தனை, ஓலைகள் எத்தனை, நீள அகலம், பொருள் என்னவென்று தெரிந்தால் அது, கூடவே ஐந்து நல்ல படங்கள். இது போதும். சுவடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். போகும்போது அடையாள அட்டையின் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு இடத்திலிருந்து பதில் வர ஐந்து வாரம் ஆனது. பதில் வரவில்லை என்று விட்டுவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள்.

மூலத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. மின்படி மட்டும் எடுத்துக்கொண்டு சுவடியைத் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் அடுத்த தலைமுறை ஆர்வமாக இருந்தால் அதுவே நல்ல வழி. ஆர்வம் இல்லை, வீடும் ஈரம் என்றால் கொடுத்துவிடுவதுதான் சுவடிக்கு நல்லது. இதில் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை.

8. காகிதங்கள்

நான் பட்ட அடி இங்கேதான். சுவடி படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, படித்துவிட்டுத் தருகிறேன் என்று முப்பது ஓலைகளை வாங்கிப் போனார். எழுதி வாங்கவில்லை, படமும் எடுக்கவில்லை. இன்றுவரை திரும்பவில்லை. எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் படத்தை மட்டும் கொடுங்கள், ஓலையைக் கொடுக்காதீர்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதென்றால் கையில் இருக்க வேண்டியவை:

ஒன்று, பட்டியல். கட்டு வாரியாக ஓலை எண்ணிக்கை, அளவு, சிதைவு, படக் கோப்பின் பெயர். இரண்டு படி எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு, குடும்பத்தின் சம்மதம். தாத்தா சொத்து என்றால் அத்தனை வாரிசுக்கும் உரிமை உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் பெரியப்பா கையெழுத்துப் போட இரண்டு மாதம் யோசித்தார். அவசரப்படுத்தவில்லை. படங்களைக் காட்டியபோது மனம் மாறினார்.

மூன்று, கொடைக் கடிதம். குடும்பத்தின் பெயர் சுவடியோடு பதியப்பட வேண்டும், மின்படியின் ஒரு பிரதி நமக்கு வர வேண்டும், ஆய்வாளர்கள் பார்க்கத் தடையில்லை என்பது போன்ற நிபந்தனைகளைக் கொடுப்பதற்கு முன்பே எழுதுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது.

நான்கு, ஒப்புகைச் சீட்டு. முத்திரையும் பதிவெண்ணும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

விற்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் வாங்குகிறோம் என்று வீடு தேடி வருவார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்குக் குறையாத, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது கலை மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி தொல்பொருளாகக் கருதப்படும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது சட்டவிரோதம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு நினைவாக இரண்டு ஓலை கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு அனுப்புங்கள்.

9. செலவு

தூரிகை, பஞ்சு, பருத்தித்துணி, எலுமிச்சைப்புல் எண்ணெய், வசம்பு வகையறா எல்லாம் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. போன் தாங்கி 900. ஹார்ட் டிஸ்க் 4,500. அதுவும் எனக்கு வேறு வேலைக்கும் தேவைப்பட்டதால் வாங்கினேன். 212 ஓலைக் கட்டின் ஜேபெக் படங்கள் அத்தனையும் 6 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. ஒரு நல்ல பென் டிரைவே போதும். போக்குவரத்துதான் எதிர்பாராத செலவு, மூன்று நடை போய்வந்தேன். நீங்கள் முதலிலேயே படங்களை அனுப்பிவிட்டால் ஒரு நடையில் முடியும்.

படிக்கிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் முதலில் ஒரே ஒரு ஓலையின் படத்தைக் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இது புதையல் ஏடு’, ‘சாபம் இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும்’ என்று தொடங்கினால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

10. வீட்டிலேயே வைத்திருந்தால்

மரப்பெட்டியோ அலமாரியோ, வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். சமையலறைக்குப் பக்கத்து அறை வேண்டாம். ஓலைகளின் இருபுறமும் அதே அளவில் சட்டம் வைத்து, பருத்தி நூலால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் துளையில் பிளக்கும், தளர்த்தினால் ஓலை நெளியும். விரல் ஒன்று நுழையும் அளவு சரி. அதன்மேல் வெளுக்காத பருத்தித்துணி. சாயத்துணி என்றால் முதலில் நனைத்துப் பார்த்து, சாயம் போகாதது என்று உறுதியான பிறகே சுற்றுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வருடத்துக்கு இரண்டு முறை திறந்து பாருங்கள். அப்போதே ஹார்ட் டிஸ்க்கையும் கணினியில் இணைத்து, கட்டுக்குப் பத்துப் படமாவது திறக்கிறதா என்று சரிபாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, படங்கள் எங்கே இருக்கின்றன, யாரைக் கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் நான் ஈரத்துணியை எடுத்திருக்கமாட்டேன்.